உப்பு டப்பாவுக்குப் பின்னால் இருபத்தேழு டிகிரி

இந்தக் கோடையில் என் மனைவியை அறிவியல் முறைப்படி ஜெயித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். சத்தம் போட்டு ஜெயிக்க முடியாது என்பது கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. பேசாமல் இருந்து ஜெயிக்கலாம் என்று ஒருமுறை முயன்றேன். நான் பேசாமல் இருப்பதை அவள் கவனிக்கவே இல்லை. "இன்னிக்கு வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். மிச்சம் இருந்தது அறிவியல்தான்.

விவகாரம் என் அறையைப் பற்றியது. எங்கள் வீட்டில் வடக்குப் பக்கமாக ஒரு சின்ன அறை. ஜன்னலை ஒட்டி மரம். பகல் முழுக்க நிழல். அதில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு புத்தக அலமாரி, நான். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது அங்கே அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு படிப்பேன். குறட்டை வருகிறது என்று சிலர் சொல்வதுண்டு. ஆழ்ந்து படித்தால் அப்படித்தான்.

என் மனைவி தையல்காரி. அவளுடைய மெஷின் சமையலறையின் ஒரு மூலையில் இருக்கிறது. மேற்குப் பார்த்த ஜன்னல், மேலே மொட்டை மாடி, இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் சீருடைத் துணி மலைபோல வந்து குவியும். அந்த மலைக்குப் பின்னாலிருந்து ஒருநாள் குரல் வந்தது.

"என்னங்க, ஸ்கூல் திறக்கற வரைக்கும் உங்க ரூமை எனக்குக் குடுங்க."

"எதுக்கு?"

"தைக்கறதுக்கு."

"இப்ப தைச்சுக்கிட்டுதானே இருக்கே?"

"இப்ப வெந்துக்கிட்டிருக்கேன். தைக்கறது அதுக்கு நடுவுல."

என் நாற்காலிக்கு ஆபத்து என்று புரிந்தது. இருந்தாலும் முகத்தை நிதானமாக வைத்துக்கொண்டு பேப்பரை விரித்தேன்.

"இங்க பாரு. அரசாங்கமே சொல்லுது. நேத்து முப்பத்தேழு டிகிரி. முப்பத்தேழுங்கறது மனுஷ உடம்போட சூடு. உன் உடம்புக்குள்ள என்னவோ அதுதான் வெளியவும். பொருத்தமா இருக்குன்னு சந்தோஷப்படு."

"முப்பத்தேழு எங்க?"

"ஊர்ல."

"ஊர்ல எங்க? நம்ம அடுப்புகிட்ட வந்து யார் பார்த்தா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடவுளே அனுப்பியதுபோல அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். வானிலை நிலையத்தில் வேலை. தினமும் வெப்பமானியைப் பார்த்து மேலிடத்துக்குச் சொல்பவர். தெருவில் அவருக்கு 'டிகிரி' என்று பெயர். டீ கொடுத்தால் குடிக்கும் முன் டம்ளரைத் தொட்டுப் பார்த்து ஒரு எண் சொல்வார். கோபம் வந்தால்கூட "எனக்கு ரெண்டு டிகிரி ஏறிடுச்சு" என்பார்.

"வாங்க டிகிரி சார். இவகிட்ட கொஞ்சம் சொல்லுங்க. முப்பத்தேழுன்னா முப்பத்தேழுதானே?"

"சந்தேகமே வேண்டாம். நானே கண்ணால பார்த்தேன்."

என் மனைவி மெஷினை நிறுத்தினாள். "அண்ணே, அதை எங்க வச்சுப் பார்த்தீங்க?"

"எங்க நிலையத்துல தங்கச்சி. நல்ல புல்தரை. நடுவுல கால் வச்ச வெள்ளைப் பெட்டி. சுத்தி சட்டம் சட்டமா அடைச்சிருக்கும். வெயில் உள்ள விழாது, காத்து மட்டும் போயிட்டு வரும்."

"பெட்டிக்குள்ள அடுப்பு இருக்கா?"

"அய்யோ, இல்ல."

"இஸ்திரிப் பெட்டி?"

"சேச்சே."

"யாராவது நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, 'டீ ஆச்சா'ன்னு உள்ள பார்த்துக் கத்துவாங்களா?"

"அரசாங்க இடம் தங்கச்சி. அதுக்கெல்லாம் அனுமதி கிடையாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? முப்பத்தேழு அந்தப் பெட்டிக்கு. புல்லு மேல நிழல்ல நிக்கற பெட்டிக்கு. அதைக் கொண்டாந்து என் தலையில கட்டறீங்களே."

இங்கே என் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் எடை அளவை ஆய்வாளர். கடைகடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை வைப்பவன். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டுகிறவன், படிக்கல்லைக் குடைந்து மெழுகு அடைக்கிறவன், லிட்டர் அளவையின் அடியை உள்ளே தட்டி வைக்கிறவன் என்று எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். நான் சந்தைக்குள் நுழைந்தால் ஊசலாடிக்கொண்டிருக்கும் தராசுகள்கூட அப்படியே நின்றுவிடும். அளவு என்று வந்துவிட்டால் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

"சரி. அளந்தே பார்த்துடுவோம்" என்றேன். "ஒரே மாதிரி ரெண்டு வெப்பமானி வாங்கறேன். ஒண்ணு சமையலறையில, ஒண்ணு என் ரூம்ல. டிகிரி சார் தினமும் மத்தியானம் வந்து ரெண்டையும் பார்ப்பார். சனிக்கிழமை தீர்ப்பு."

"தீர்ப்புன்னா?"

நான் எழுந்து நின்றேன். சட்டம் சொல்லும்போது உட்கார்ந்து சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "இந்த வீட்ல எந்த ரூம் அதிகச் சூடோ, அந்த ரூம்ல இருக்கறவங்களுக்கு எந்த ரூம் அதிகக் குளிர்ச்சியோ அது. இதுல ஆண் பெண் பேதம் கிடையாது. ரூம் மாறினா, அந்த ரூம்ல நடக்கற வேலையும் சேர்ந்து மாறும்."

கடைசி வரியை நான் சும்மா சேர்க்கவில்லை. என் அறைக்கு வந்தால் புத்தக அலமாரியைத் தூசி தட்ட வேண்டும், தண்ணீர் லாரிக்காரனோடு போனில் சண்டை போட வேண்டும். அதை நினைத்தாவது பின்வாங்குவாள் என்று கணக்குப் போட்டேன்.

"வேலையும் மாறுமா?" என்று நிதானமாகக் கேட்டாள்.

"மாறும்."

"அண்ணே, நீங்க சாட்சி."

"சாட்சி தங்கச்சி" என்றார் டிகிரி. டீ டம்ளரைத் தொட்டார். "அறுபத்திரண்டு."

மறுநாளே வெப்பமானிகள் வந்தன. மரப்பலகையில் பதித்தவை. குழாயின் அடிக்குமிழுக்கு ஓட்டை போட்ட சின்னத் தகர மூடி. இரண்டையும் ஒரே பாத்திரத் தண்ணீரில் வைத்துச் சோதித்து, ஒன்றுக்கொன்று துளி வித்தியாசம் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் மாட்டினேன். நேர்மை என்றால் நேர்மை.

அந்த நேர்மை மறுநாள் மத்தியானம் வரை தாங்கியது.

சமையலறை நாற்பத்தொன்று. என் அறை முப்பத்திரண்டு.

டிகிரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அறிவித்தார். "ஒம்பது டிகிரி வித்தியாசம்! ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு நாடு!"

 என் மனைவி என் அறைக்குள் வந்து, சாய்வு நாற்காலி இருக்கும் இடத்தைத் தையல் டேப்பால் அளந்துவிட்டுப் போனாள். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக் கொடுத்தேன். அதுவும் என்னைப் பார்த்து அழுததுபோல இருந்தது.

அன்று ஆபீசில் உட்கார்ந்து யோசித்தேன். எதிரே நான் பிடித்து வைத்திருந்த கள்ளத் தராசுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் எனக்குப் பாடம் நடத்தியது. கருவியைக் கெடுக்காதே, முத்திரையைத் தொடாதே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சின்னதாக ஏதாவது செய். ஈரத்துணி சுற்றிய பானை எப்படிக் குளிர்கிறது? அதே மாதிரி வெப்பமானியின் குமிழுக்கு ஈரத்துணி சுற்றினால்?

அவள் கடைக்கு நூல் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து வேலையை முடித்தேன். பழைய பனியனிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துத் திரியாக முறுக்கினேன். ஒரு நுனியைத் தகர மூடிக்குள் செருகிக் குமிழில் சுற்றினேன். மறுநுனியைப் பலகைக்குப் பின்புறமாக இறக்கி, ஒரு மருந்து பாட்டில் தண்ணீரில் விட்டேன். பாட்டிலை அலமாரியில் ஏதாவது டப்பாவுக்குப் பின்னால் மறைக்க வேண்டும். அவள் அடிக்கடி தொடாத டப்பாவாக இருக்க வேண்டும். எல்லா டப்பாவையும் உற்றுப் பார்த்தேன். ஒன்று மட்டும் பெரிதாக, பழசாக, ஒதுங்கி நின்றது. உப்பு. ஒரு சிட்டிகை போடுகிற சாமானை எத்தனை தடவை எடுக்கப் போகிறாள்? அதற்குப் பின்னால் வைத்தேன். முன்னாலிருந்து பார்த்தால் எனக்கே தெரியவில்லை. என்னை நானே கைது செய்ய முடியாத அளவுக்குக் கச்சிதம்.

மறுநாள் ஊருக்கு அரசாங்கக் கணக்கு முப்பத்தெட்டு. டிகிரி சமையலறைக்குள் போனார். உள்ளே பலகையை விரலால் தட்டும் சத்தம் கேட்டது.

"சார்... இங்க வாங்களேன்."

"என்ன சார்?"

"இருபத்தேழு."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஏதோ ஐந்தாறு டிகிரி குறைத்து, இரண்டு அறையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று காட்டத்தான் நினைத்தேன். என் பனியன் இவ்வளவு திறமைசாலி என்று எனக்குத் தெரியாது. சரி, வந்த அதிர்ஷ்டத்தைத் தள்ளுவானேன்?

"பார்த்தியா?" என்றேன் மனைவியிடம். "நீதான் குளுகுளுன்னு இருக்கே. என் ரூம் முப்பத்திரண்டு. நான்தான் அங்க கிடந்து வேகறேன். குடுத்து வச்சவ நீ."

அவள் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. வெப்பமானியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடுப்பில் இருந்ததைக் கிளறினாள்.

"அப்படியா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது இன்னும் கொஞ்சம். ஆனால் சாய்வு நாற்காலியில் சாய்ந்ததும் அந்த உறுத்தல் போய்விட்டது. நல்ல நாற்காலி.

டிகிரிதான் பாவம். எண்ணை நம்பிப் பிழைக்கிற மனிதர். மறுநாளும் இருபத்தேழு என்றதும் தன் வீட்டிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து சமையலறையில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, நான் இங்கேயே கொஞ்சம் இளைப்பாறிக்கறேன். எங்க வீடு முப்பத்தஞ்சு."

"தாராளமா இருங்க அண்ணே."

அவர் சட்டை தெப்பலாக நனைந்தது. காதோரம் வழிந்தது. மூச்சு வாங்கியது. "வேர்க்குதே சார்?" என்று நானே கேட்டேன்.

"அது என் உடம்புல கோளாறு. வெப்பமானி தப்பா சொல்லாது" என்றார் விசிறிக்கொண்டே. "இருபத்தேழு டிகிரியில உட்கார்ந்திருக்கேன்னு நினைக்கவே எவ்வளவு சுகமா இருக்கு! நாளைக்கு டாக்டர்கிட்ட என்னைக் காட்டணும்."

வெள்ளிக்கிழமையும் அதே கதை. ஊர் முப்பத்தொன்பது, என் அறை முப்பத்திரண்டு, சமையலறை இருபத்தேழு. பாட்டிலில் தண்ணீர் வற்றியிருக்குமே என்று நான் திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அது கழுத்துவரை நிறைந்தே இருந்தது. நான் தொட்டது எல்லாம் துலங்குகிறது, கைராசி என்று நினைத்துக்கொண்டேன். அன்று டிகிரியைப் பார்த்தபோதுதான் என்னவோ சரியில்லை என்று தோன்றியது. மடக்கு நாற்காலியைக் காணோம். வேர்க்கவும் இல்லை. வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து "இருபத்தேழு" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்குவதுபோல இருமிக்கொண்டு போய்விட்டார். டாக்டர் மருந்து கொடுத்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம். எனக்கு லீவு. தலைசீவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தீர்ப்புக்கு உட்கார்ந்தேன். டிகிரி கடைசித் தடவையாகப் பார்த்துவிட்டு வந்து அறிவித்தார்.

"சமையலறை இருபத்தேழு. சாரோட ரூம் முப்பத்திரண்டு."

நான் பெருந்தன்மையோடு சிரித்தேன். "ஆக, என் ரூம்தான் சூடு. பேச்சு முடிஞ்சது. இனிமே யாரும் என் ரூமைக் கேக்கக் கூடாது."

"பேச்சு எங்க முடிஞ்சது?" என்றாள் என் மனைவி. மெஷின் மேசையின் இழுப்பறைகளை அவள் ஏற்கெனவே கழற்றி வைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். "நீங்க சொன்ன சட்டத்தைத் திருப்பிச் சொல்லுங்க."

"எந்த ரூம் அதிகச் சூடோ, அந்த ரூம்ல இருக்கறவங்களுக்கு..."

"யாரு இருக்கறது?"

"நான்தான்."

"ம். சொல்லுங்க."

"எந்த ரூம் அதிகக் குளிர்ச்சியோ..."

சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அது!" என்று முடித்துவைத்தார் டிகிரி. "வாழ்த்துகள் சார். சமையலறை உங்களுக்கு."

"எனக்கா? எனக்கு வேண்டாம்!"

"ஏங்க வேண்டாம்?" என்றாள் அவள், குரலில் தேன் வழிய. "பாவம், முப்பத்திரண்டுல கிடந்து வேகறீங்க. பார்த்துக்கிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? நான் அந்தச் சூட்டைத் தாங்கிக்கறேன். எனக்குப் பழக்கம்தான்."

"இல்லம்மா, நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

"வேலையும் மாறும்னு சொன்னீங்களே. இப்ப அடுப்புல பருப்பு இருக்கு. தண்ணி வத்திடாமப் பார்த்துக்குங்க. தண்ணி லாரிக்காரனை நான் கவனிச்சுக்கறேன்."

எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. உண்மையைச் சொல்வது. வெப்பமானியில் கள்ளத்தனம் செய்தேன், பனியனைச் சுற்றினேன் என்று சொல்வது. யார் சொல்வது? ஊரில் உள்ள தராசையெல்லாம் நிமிர்த்தி வைத்த எடை அளவை ஆய்வாளர். யாரிடம்? அளவை வைத்தே அரசாங்கச் சம்பளம் வாங்கும் இன்னொரு ஊழியரிடம். நாளைக் காலை சந்தையில் நான் நுழைந்தால் வெங்காய வியாபாரி முதற்கொண்டு பனியனைத் தூக்கிக் காட்டுவான்.

வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போனேன்.

அடுத்த வாரம் முழுக்க லீவு போட்டேன். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தது பொய்யில்லை. பருப்பு கரிந்தது. கரண்டி சுட்டது. வெங்காயம் என்னை அழவைத்தது. வெங்காயம் நறுக்காதபோதும் அழுதேன். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து என் முதுகில் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷமாக இவள் இதற்குள்ளிருந்துதான் என் குரலுக்கு டீ கொண்டுவந்தாளா என்று நினைத்தபோது நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து வடக்கு அறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, டீ ஆச்சா?"

வெட்கம் போய் வீம்பு வந்துவிட்டது. வழி இருக்கிறது! திரியை எடுத்துவிட்டால் வெப்பமானி தானாக நாற்பத்தொன்றைக் காட்டும். 'பருவம் மாறிவிட்டது, மறு தீர்ப்பு வேண்டும்' என்று கேட்கலாம். யாருக்கும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. காலையில் உப்பு டப்பாவை நகர்த்தினேன். திரியை உருவினேன். பாட்டிலைக் கவிழ்த்துத் தூக்கிப் போட்டேன். நிம்மதியாகக் குளிக்கப் போனேன்.

மத்தியானம் நானே போய் டிகிரியைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

"பாருங்க சார், நல்லாப் பாருங்க. இந்த ரூம் எவ்வளவு?"

டிகிரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இருபத்தேழு."

"இருக்கவே முடியாது!"

"ஏன் சார் இருக்க முடியாது?" என்று அப்பாவியாகக் கேட்டார்.  ஊரில் நாற்பது. வெப்பமானியில் இருபத்தேழு. என் மேல் கொதித்துக்கொண்டிருந்தது எந்த நிலையத்திலும் பதிவாகாத வேறொன்று.

டிகிரி போனதும் தகர மூடியைக் கழற்றினேன். என் பனியன் திரி இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு மெல்லிய துணி உறை. குமிழுக்கு மேல் கையுறைபோலக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஓரம் மடித்து, மெஷினில் இரட்டைத் தையல். கீழே வால் மாதிரி ஒரு நீளம், புது பாட்டிலுக்குள் இறங்கியது. பாட்டிலின் மூடியில்கூட அளவாக ஓட்டை. கழுத்துவரை தண்ணீர். என்னுடையது ஒரு கள்ளனின் வேலை. இது ஒரு தொழில்காரியின் வேலை. முத்திரை வைக்கலாம் போல இருந்தது.

உறையைக் கையில் பிடித்தபடி வடக்கு அறை வாசலில் போய் நின்றேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் மரம் அசைந்தது. என் சாய்வு நாற்காலியில் சீருடைகள் சாய்ந்திருந்தன. அவள் தலைநிமிரவில்லை.

"எப்ப தெரியும்?" என்றேன்.

"நீங்க வச்ச அன்னிக்கு ராத்திரிச் சமையல்லயே. ஒளிச்சு வைக்க வேற இடமே கிடைக்கலையா? உப்பு டப்பாவுக்குப் பின்னாலயா வைப்பாங்க?"

"தண்ணி..."

"வத்த வத்த நான்தான் ஊத்தினேன்."

"டிகிரி சாருக்கு?"

"அண்ணன் டாக்டர்கிட்ட போறேன்னு கிளம்பிட்டாரு. பாவமா இருந்துச்சு, கூப்பிட்டுக் காமிச்சேன். சிரிச்சு உருண்டாரு. காத்துல ஈரம் எவ்வளவுன்னு பார்க்க அவங்க நிலையத்துலயே ஒரு வெப்பமானிக்குத் தினமும் ஈரத்துணி கட்டுவாங்களாம். அந்தத் துணியில ஒரு துண்டு அவர்தான் குடுத்தாரு."

 உறையின் தையலை விரலால் தடவிப் பார்த்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு முதன்முறையாக என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த உறையையும் பார்த்தாள்.

"அதை எதுக்குக் கழட்டினீங்க? சரி, பரவாயில்ல. ஸ்கூல் திறக்கற வரைக்கும் தாங்கட்டும்னு மாத்து உறை ரெண்டு தைச்சு வச்சிருக்கேன். உப்பு டப்பாவுக்குள்ள இருக்கு. நீங்க சமைக்கற லட்சணத்துக்கு, அதைத்தான் திறக்கவே மாட்டேங்கறீங்களே."